முட்டி போட்ட இடம்

சுவரும் தரையும் சேரும் இடத்தை மறைத்து ஒரு மரப்பட்டி ஓடுகிறதே, அதற்குப் பெயர் ஸ்கர்ட்டிங். அதையே யாரும் பார்ப்பதில்லை. பொருத்துகிறவனை யார் பார்க்கப் போகிறார்கள்? நம் தச்சர் பாதி ஆயுளை அதற்காக முட்டி போட்டே கழித்தவர். கடவுள் முன்னால்கூட மனுஷன் அவ்வளவு நேரம் மண்டியிட்டதில்லை.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வராந்தாவில் மேஜைமேல் மின்ரம்பத்தை வைத்து நின்றபடி வெட்டுவார். தச்சர் தரையில் அளந்து குரல் கொடுப்பார். தொழில் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு.

இப்போது முட்டி கெஞ்சுகிறது. கதவைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை.

"இன்னிக்காவது எங்க அண்ணன்கிட்ட கேளுங்க. நீங்க நில்லுங்க, அவரு கீழ உக்காரட்டும். வாய் வரலன்னா நானே கேட்டுடுவேன்" என்று காலையில் தைலம் தேய்த்தபடி மனைவி சொல்லியிருந்தாள். இப்படியே போனால் தொழிலை விட வேண்டியதுதான் என்று அவருக்கும் தெரியும்.

அன்று வேலை நடந்த வீட்டில் பழைய பட்டிகளைப் பெயர்த்ததில் காரை உதிர்ந்து மூக்கெல்லாம் தூசி. "நாப்பத்தாறேகால் இஞ்ச்!" என்று கத்தினார். வந்த துண்டு குட்டை. மறுபடி கத்தினார். மறுபடியும் குட்டை. மூன்றாவது நீளம் சரி, ஆனால் மூலையில் பொருந்துவதற்காக முனையில் வெட்டும் சரிவு தலைகீழ்.

"மச்சான், தூங்கிட்டே வெட்டுறீங்களா?"

கோபம் தலைக்கேறியது. இதையே சாக்காக வைத்துக் கேட்டுவிடலாம் என்று கதவைப் பிடித்து எழுந்து போனார்.

மச்சான் அவரைக் கவனிக்கவில்லை. தானே போட்ட பென்சில் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். கோடு பளிச்சென்றுதான் இருந்தது. பக்கத்தில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது; விரலுக்கும் அதன் பல்லுக்கும் ஒரு சாண்கூட இல்லை. தச்சர் கோபத்தை மறந்து அருகில் போனார்.

மச்சானின் கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த வீம்புக்காரர் இன்றே வேலைக்கு முழுக்குப் போட்டுவிடுவார்.

"மச்சான், அதை நிறுத்துங்க. என்னால முடியல. முட்டி போச்சு. உங்க இடத்தை எனக்குக் குடுங்களேன்" என்றார். கேட்க வந்ததும் அதைத்தான். ஆனால் இப்படிக் கெஞ்சுவோம் என்று அவர் நினைக்கவில்லை.

மச்சான் ரம்பத்தை அணைத்தார். "முன்னாடியே சொல்லக்கூடாதா, மாப்ள?"

"அளவும் நானே எடுத்துக்கறேன், நீங்க பொருத்தினா போதும்" என்றார் தச்சர், பட்டும் படாமலும்.

மச்சான் ஒரு கணம் அவர் பக்கம் திரும்பினார். பிறகு முனகிக்கொண்டே மண்டியிட்டார். அவர் முட்டியும் ஒன்றும் புதுசில்லை.

தச்சர் வெட்டிக் கொண்டுவந்த துண்டை மூலையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இணைப்பைத் தடவினார் மச்சான்.

"இடுக்கு இருக்கு மாப்ள. சரிவைக் கொஞ்சம் சீவிட்டு வா."

தச்சர் குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சரிங்க மச்சான்" என்று துண்டை வாங்கிக்கொண்டு மேஜைக்கு நடந்தார்.