கல் என்று நான் சொன்ன வலி

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. முத்தையாபுரத்தில் எங்கள் வீடு. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தே கால் முதல் ஐந்து ஐம்பது வரை குடிநீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன். ஆறு மணிக்கு இட்லி ஊற்றினேன். பதினெட்டு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறவள் என்பதால் இதையெல்லாம் நேரத்தோடு சொல்ல முடிகிறது. பள்ளி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தேதியோ நேரமோ பிசகினால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அன்று அவருக்கு மதிய ஷிப்ட், இரண்டு மணிக்குப் போனால் போதும். ஆறே காலுக்கு எழுந்து வந்தவர், "வயித்த என்னமோ செய்யுதுளா" என்றார். ஐந்து இட்லி சாப்பிடுகிறவர் ஒன்றரையோடு கை கழுவிவிட்டார். பொதுவாகவே அதிகம் பேசமாட்டார். வயிற்றைப் பற்றி அவர் சொன்னது அந்த ஒரு வரிதான். மீதியை நானே பூர்த்தி செய்துகொண்டேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது. வலது பக்கம். எங்கள் பக்கத்து வெயிலில் இது புதிய வியாதி இல்லை. அலமாரியைத் திறந்து அந்தப் பழைய ஃபைலை எடுத்தேன்.

"கல்லுதான். போன தடவையும் இப்படித்தான ஆரம்பிச்சுது" என்றேன்.

"இருக்கும்" என்றார்.

வாழைத்தண்டுச் சாறு ஒரு டம்ளர் கொடுத்தேன். அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர். எட்டு மணிக்கு ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று என வீட்டிலிருந்த வலி மாத்திரை. பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டரைக்கு அவர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். வலது காலை நீட்ட முடியவில்லை.

"மாத்திரை கேட்டுரும். ஷிப்டுக்குப் போயிருதேன்" என்றார்.

"போயி அம்புட்டு ஒசரத்துல ஏறி உக்காந்துட்டு, கல்லு குத்துச்சுன்னா யாரு வந்து எறக்குவா?" என்று சத்தம் போட்டு ஆட்டோ பிடித்தேன்.

ஆட்டோக்காரர் தெரிந்தவர். என்ன விஷயம் என்று கேட்டார். கல் என்றேன்.

"கல்லா? கவலப்படாதிய அக்கா. எங்க மாமாவுக்கு ஆட்டோவுல போகும்போதுதான் விழுந்துச்சு. குலுங்குனா தன்னால எறங்கிரும்."

"அப்பம் நீங்க மெதுவாப் போவாண்டாம். நல்லாவே குலுங்கட்டும்" என்றேன்.

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். வழியில் இருந்த வேகத்தடைகள் ஒன்றிலும் வண்டி தயங்கவில்லை. ஒவ்வொன்றிலும் என் கணவர் கம்பியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். கல் நகர்கிறது என்று எனக்கு உள்ளூரத் திருப்தி.

கிளினிக்கில் வெகுநேரம் காத்திருந்து டாக்டரிடம் ஃபைலை நீட்டினேன். அவர் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் நான்தான் பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலிலும் மணி, நிமிடம் இருந்தது. அவரும் சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஸ்கேனுக்கு மூத்திரப் பை நிறைந்திருக்க வேண்டும் என்பதால் ஸ்கேன் சென்டர் வாசலில் இளநீர் வாங்கிக் குடிக்க வைத்தேன். அப்போது மணி மூன்று இருபது.

மூன்று நாற்பதுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்கேன் எடுத்தது ஒரு பெண் டாக்டர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்தினார். வலது சிறுநீரகம், இடது சிறுநீரகம், பிறகு மூத்திரப் பை. ஏழெட்டு நிமிடம் ஆனது.

"கல்லு எதும் இல்லையே" என்றார்.

"நல்லாப் பாருங்க டாக்டர். போன தடவையும் இந்தப் பக்கந்தான்" என்று ஃபைலைத் திறந்தேன்.

அவர் ஃபைலைப் பார்க்கவில்லை. ஜெல்லைத் துடைக்கப் போனபோது அவருடைய முழங்கை கட்டிலில் இடித்துவிட்டது. அந்தச் சின்ன அதிர்வுக்கே என் கணவர் பல்லைக் கடித்தார். டாக்டர் துடைப்பதை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, காலையில மொதல்ல எங்க வலிச்சுது?"

"வலது பக்கந்தான் டாக்டர். ஆறே கால்ல இருந்து" என்றேன்.

"அக்கா, நான் உங்களக் கேக்கல. வலி அவங்களுக்குத்தான?"

அவர் குரலை உயர்த்தவில்லை. என் கணவர் பதில் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பார்வையை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"மொதல்ல தொப்புளச் சுத்தித்தான் வலிச்சுது. பெறவு, பத்து மணிக்கு மேல, இங்கன எறங்கிருச்சு" என்று அடிவயிற்றின் வலது பக்கத்தில் கை வைத்தார். "ரெண்டு தடவ வாந்தியும் எடுத்தேன்."

"எப்பம்?" என்று கேட்டுவிட்டேன். என் குறிப்பில் வாந்தியே இல்லை.

"நீ போன் பேசிட்டு இருந்த."

"வண்டியில வரும்போது எப்படி இருந்துச்சு அண்ணாச்சி? பள்ளத்துல ஏறி எறங்கும்போது?" என்றார் டாக்டர்.

"உசிரே போயிருச்சு."

"வீட்டுல சொல்ல வேண்டியதுதான?"

"கல்லுன்னு சொல்லிட்டா. அவ எல்லாம் எழுதி வச்சிருப்பா, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார்.

டாக்டர் வேறொரு சின்னக் கருவியை எடுத்தார். "எந்த எடத்துல ரொம்ப வலிக்கோ, அங்க ஒத்த விரல வைங்க" என்றார். அவர் வைத்த இடத்தில் கருவியைப் பதித்து மிக மெதுவாக அமுக்கினார். திரையில் குடல் நெளிந்து இரண்டு பக்கமும் ஒதுங்கியது. நடுவில் விரல் போல ஒன்று மட்டும் ஒதுங்காமல் நின்றது. ஒரு முனை அடைத்திருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக மெல்லிய நீர்.

"நல்லா இருக்கற குடல் அமுக்குனா அமுங்கிரும். இது அமுங்கல பாருங்க. குடல்வால் வீங்கியிருக்கு" என்று அளந்து காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாத்திரை எதும் குடுத்தியளா?" என்று கேட்டார்.

"எட்டு மணிக்கு ஒண்ணு, பதினொண்ணுக்கு ஒண்ணு."

"அதான் இவ்வளவு நேரம் தாங்கியிருக்காங்க."

அவரே அறுவை சிகிச்சை டாக்டருக்குப் போன் செய்தார். நாலேமுக்காலுக்கு மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். மயக்க மருந்து டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது என்ன குடித்தார் என்பது. மூன்று இருபதுக்கு இளநீர், அதற்கு முன்னால் அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர் என்றேன். அவர் முகம் மாறியது. வயிறு காலியாக வேண்டும், ஏழு மணி வரை பொறுத்துப் பார்க்கலாம், அதற்குள் மோசமானால் உடனே எடுத்துவிடுவோம் என்றார்.

அந்த இரண்டேகால் மணி நேரத்தில் நான் எதையும் குறிக்கவில்லை. அது உள்ளே வெடித்துவிட்டால் என்ன ஆகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். வேகத்தடை ஒவ்வொன்றும் என் கண்முன் வந்தது. குலுங்கட்டும் என்று நான்தானே சொன்னேன்.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையால் அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"ஏளா, அந்த ஆட்டோக்காரன்கிட்ட சொல்லிரு."

"என்னன்னு?"

"கல்லு விழலன்னு."

சிரிக்கவைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். எட்டு பத்துக்கு அறுவை சிகிச்சை டாக்டர் வெளியே வந்து ஒரு தட்டில் அதைக் காட்டினார். சுண்டுவிரல் நீளம்தான். நுனி கறுத்து, தோல் மெலிந்து, உள்ளிருந்த சீழ் வெளியே தெரிந்தது. "விடியிற வரைக்கும் தாங்கிருக்காதும்மா. வெடிக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டோம். இனி பயமில்ல" என்றார். ஸ்கேன் டாக்டர் என் பதிலை மட்டும் கேட்டு ஜெல்லைத் துடைத்து அனுப்பியிருந்தால், கல் கரைந்துவிட்டது என்று எழுதி வைத்துவிட்டு நான் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நர்ஸ் வந்து, "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். பழக்கத்தில் என் வாய் திறந்தது. உடனே உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்தேன். என் கணவரும் பழக்கத்தில் என்னைப் பார்த்தார். நான் கம்பியை விடவில்லை. அவர் மெல்ல ஆரம்பித்தார்: தையல் போட்ட இடம் எரிகிறது, தோள்பட்டை வலிக்கிறது, தொண்டை காய்கிறது, ராத்திரி பயமாக இருந்தது. இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. என் கணவர் பேசாத மனிதர் என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் சொல்லிவந்த எனக்கு, அவர் பேசும் அளவுக்கு நான் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை என்பது அந்த ஐந்தரை மணிக்குத்தான் உறைத்தது.