சுறா எண்ணெய் குடித்த மரமணி

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் காலை, அலுமாரிக்கு மேலிருந்த மரமணியை இறக்கி ஆட்டிப் பார்த்தேன். தெருமுனை வரை ‘டக், டக்’ என்று கேட்க வேண்டிய சத்தம் வரவில்லை. ஈரச் சாக்கில் அடித்ததுபோல் ‘பொத், பொத்’ என்றது. கூடவே சுறா வாடையும் அடித்தது.

பெயர்தான் மரமணி. உண்மையில் அது கைப்பிடி வைத்த ஒரு பலகை. ஆட்டினால் அதில் தொங்கும் இரும்பு வளையம் இரண்டு பக்கமும் மாறி மாறி அடிக்கும். பெரிய வியாழன் பூசையில் ஒலித்த பிறகு, உயிர்ப்புப் பூசை வரை எங்கள் கோயில் மணி வாய் திறக்காது. ஒலிபெருக்கியும் போடுவதில்லை. ஆண்டவர் மரித்திருக்கும் நேரத்தில் வெண்கலம் பேசக்கூடாது, மரம்தான் பேச வேண்டும் என்பது வழக்கம். ஒருவர் மரமணியோடு ஊரைச் சுற்றி வருவார். சத்தம் கேட்டதும் சனம் சிலுவைப்பாதைக்குக் கிளம்பும். இதைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள் என்று சுவாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார். அவர்களுடைய கடலோர ஊர்களிலும் இப்படித்தான் செய்வார்களாம். மீன் காயப்போட்ட கையைக் கழுவிவிட்டு, என்னைப்போல ஒருத்தி அங்கேயும் இதைத் தூக்கிக்கொண்டு நடப்பாள் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வேலையை எனக்குத் தந்ததற்காக நான் இன்றைக்கும் சுவாமியாருக்கு நன்றி சொல்வேன். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் நான் பதில் சொன்னது யாருக்கும் கேட்காது. வந்திருந்தும் வராதவள் என்று வரவு இடாப்பில் விழுந்த நாட்கள் உண்டு. கோயிலில் வாசகம் வாசிக்கக் கேட்டால் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும். மரமணி அப்படியில்லை. நான் நடந்தால் போதும், அது பேசிக்கொள்ளும்.

“இஞ்சேருங்கோ, இதுக்கு என்ன செய்தனீங்கள்?” என்று என் கணவரிடம் கேட்டேன்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “பலகையில பூச்சி துளைச்சிருந்தது. வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசேக்குள்ள அதுக்கும் நல்லா ஊற ஊறப் பூசினனான். உப்புக் காத்துக்கு நல்லதெல்லோ?”

“இதென்ன கடலுக்கே போகப்போகுது?”

“போனாலும் தாழாது. அதுக்கு நான் பொறுப்பு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவாமியாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “பரவாயில்லைப் பிள்ளை, வாயால கூப்பிட்டுக்கொண்டு போமன்” என்றார். அவருக்கு அது சின்ன விஷயம். வாசலுக்கு வாசல் நின்று குரல் கொடுப்பது என்னால் ஆகிற காரியமில்லை. வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம்தான். ஆனால் கோயிலுக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதையும் விட்டுவிட மனம் வரவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு தச்சர் இருக்கிறார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு ஆட்களை எழுப்ப றபான் மேளம் அடித்துக்கொண்டு போகிறவரும் அவர்தான். நோன்பில்லாத எங்கள் வீட்டிலும் அந்தச் சத்தம் கேட்டுத்தான் என் கணவர் கடலுக்கு எழும்புவார். அந்த வருடம் எங்கள் நாற்பது நாள் தபசு காலமும் அவர்களுடைய நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. பின்னேரம் மரமணியைச் சீலையில் சுற்றி எடுத்துக்கொண்டு அவருடைய பட்டறைக்குப் போனேன். சீலையை விலக்கி நீட்டினேன்.

அவர் வாங்கி முகர்ந்தார். “அல்லாவே! நோம்பாளிக்கிட்ட கொண்டுவாற சாமானா தங்கச்சி இது?”

“அவர்... வள்ளம் எண்டு நினைச்சு...” என்று சீலையை மடித்தேன்.

நானா விழுந்து விழுந்து சிரித்தார். “எண்ணெ குடிச்ச மரத்துல தண்ணி ஏறாது. சத்தமும் ஏறாதே!”

கடல் காற்றில் தோல் தளர்ந்தால் றபானைச் சூடு காட்டுகிற தணல் சட்டி அவரிடம் இருந்தது. அதன் பக்கத்தில் பலகையைப் பிடித்துப் பார்த்தார். புகை கிளம்பியது. பூனைகள் வந்து வாசலில் நின்றதுதான் மிச்சம். பிறகு ஒரு மூலையில் கிளறி, கதவு செய்து மிஞ்சிய முதிரை மரத் துண்டு ஒன்றை எடுத்து, விரல் முட்டியால் தட்டி, காதில் வைத்துக் கேட்டார்.

“இது கத்தும்” என்றார்.

சீவிக்கொண்டே கதை சொன்னார். “நான் கட்டார்ல வேல செஞ்சக்கொள்ள, எங்கட அறையில எகிப்துக்காரர் ஒருத்தர் இருந்த. அவங்கட ஊர்லயும் சஹருக்கு எழுப்ப ஒரு மனிசன் சின்ன மேளத்தோட வாறயாம். சும்மா அடிச்சிட்டுப் போறல்ல. ஒவ்வொரு ஊட்டு முன்னுக்கும் நிண்டு, உள்ளுக்கு ஈக்கிறவங்கட பேரச் சொல்லிக் கூப்பிடுறயாம்.”

“பேரைச் சொல்லியோ?” என்று என்னை அறியாமல் கேட்டேன்.

“ஓம். நீங்க அங்க பொறந்து அந்த வேல பாத்தா ஊரே சஹர் இல்லாமத்தான் நோம்பு புடிக்கணும்.”

இந்த முறை நானும் சிரித்தேன்.

பழைய இரும்பு வளையத்தையே கழற்றிப் புதுப் பலகையில் பொருத்தினார். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியதால் அவர் உதடு காய்ந்திருந்தது. கை மட்டும் அவசரப்படவில்லை. ஆட்டிக் காட்டினார். ‘டக், டக்’ என்ற சத்தத்தில் பூனைகள் ஓடிவிட்டன. அவருக்கு எவ்வளவோ நன்றி சொல்ல நினைத்தேன். “வாறன் நானா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரவெல்லாம் அது மனதை உறுத்தியது.

மறுநாள் மதியம் வெயிலில் நடந்தேன். வள்ளங்களெல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. முதிரை உரக்கப் பேசியது. நான் போகப் போக, பின்னால் கதவுகள் திறந்தன, செருப்புகள் சரசரத்தன. ஒரு பெண் வேலிக்கு மேலால், “இந்த முறை சுவாமியார் புதுசு வாங்கிட்டாரோ?” என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆமோ இல்லையோ அவளுக்கு விளங்கியிருக்காது.

கடைசித் தெருவில் கோயில் பக்கம் திரும்ப வேண்டும். நான் மற்றப் பக்கம் திரும்பினேன். நானா ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து, தொப்பியோடு பட்டறை வாசலில் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் நின்று மரமணியை ஆட்டினேன்.

“என்ன தங்கச்சி, என்னையுமா கோயிலுக்குக் கூப்பிடுற?”

இல்லை என்று தலையாட்டினேன். இன்னொரு தரம், மெதுவாக, ஆட்டினேன்.

அவர் புதுப் பலகையைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்தார்.

“விளங்கிச்சி, விளங்கிச்சி. போங்க, அங்க சனம் பாத்துக்கிட்டு ஈக்கும்.”