மூச்சை வேராகக் கொண்ட சொல்

காலையில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது டோரீன் பாட்டி, "ஐ ஃபீல் பூர்லி" என்றார். இங்கிலாந்தின் வடக்கே, முதியோர் தங்கும் கேர் ஹோம் ஒன்றில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிது. பூர் என்றால் ஏழை என்றுதான் எனக்குத் தெரியும். பணக்கவலை போலிருக்கிறது என்று எண்ணி, உங்களுக்கென்ன குறை, பிள்ளைகள் நல்ல வேலையில் இருக்கிறார்களே என்று ஆறுதல் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உடம்புக்கு முடியவில்லை என்பதை இங்கே அப்படிச் சொல்வார்கள் என்பது மதியம் அவருக்குக் காய்ச்சல் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு சொல்லையும் அது வரும் இடத்தையும் சொல்பவர் முகத்தையும் வைத்து ஊகித்து ஊகித்து, வேலை முடியும்போது கால்களைவிடத் தலைதான் அதிகம் வலிக்கும்.

நான் ஆங்கிலம் படித்தது தொண்ணூறுகளில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பாத்திரக்கடை மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில். ஒரு லத்தீன் வேரைப் பிடித்துக்கொண்டால் பத்துச் சொற்கள் கூடவே வந்துவிடும் என்பது அங்கே பாடமுறை. குஜிலியம்பாறை பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே ஊர் வந்து இறங்குவேன். அப்பா சைக்கிளோடு நிற்பார்.

"இன்னைக்கு என்ன வார்த்த, தாயி?"

"ஸ்பைர்னா மூச்சுப்பா. மூச்சு உள்ள போனா இன்ஸ்பயர். வெளிய போயிட்டா எக்ஸ்பயர். தோல் வழியா வந்தா பெர்ஸ்பயர், அதான் வேர்வை."

"அம்புட்டும் மூச்சுதானா? அப்ப காட்டு வேல செய்யிறவனுக்குப் பாதி மூச்சு வேர்வையிலயே போயிருமே!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எங்களுடையது மானாவாரிக் காடு. மழை ஏமாற்றிய வருடங்களிலும் என் வகுப்பை நிறுத்தச் சொன்னதில்லை.

இங்கே வந்த இரண்டாம் வருடம் அப்பாவை ஒருமுறை அழைத்து வந்து இந்த ஊரைக் காட்டிவிட ஆசைப்பட்டேன். அவருக்குப் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. எங்கள் கேர் ஹோம் மேலாளர் அம்மாளிடம் அவர் வரப்போவதைப் பற்றி ஓயாமல் பேசியிருந்தேன். அப்போதுதான் ஒரு பகலில் அண்ணன் போன் செய்தான். "அப்பா எக்ஸ்பயர் ஆயிட்டாரும்மா" என்றான். செத்துப்போனார் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

எனக்கும் வரவில்லை. நடைகூடத்தில் நின்ற மேலாளரிடம் போய், "மை ஃபாதர்... எக்ஸ்பயர்ட்" என்றேன்.

அவர் சிரித்தபடி என் தோளைத் தட்டினார். "பாஸ்போர்ட்தானே? புதுப்பித்துக்கொள்ளலாம். இதற்கா இப்படி முகம் வாடுகிறது?"

இந்த ஊரில் பாலும் பாஸ்போர்ட்டும்தான் எக்ஸ்பயர் ஆகும் என்பது மனதில் எங்கோ ஓடியது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த டோரீன்தான் என் முகத்தைப் பார்த்துக் கத்தினார்: "அவளுடைய அப்பா இறந்துவிட்டார், உனக்குப் புரியவில்லையா?" பிறகு என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மேலாளர் முகம் சிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஓடிப்போய்த் தேநீர் போட்டு வந்தார். அன்றைக்கே எனக்கு விமானச் சீட்டு ஏற்பாடு செய்ததும் அவர்தான்.

ஆனாலும் நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெயில் காலம், வைத்திருக்க முடியவில்லை என்றான் அண்ணன். யாரையும் குறை சொல்லத் தெம்பில்லை. காரியம் முடியும்வரை, வருவோர் கேட்பதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மேலாளர் போன் செய்தார். "வென் ஆர் யூ கமிங் ஹோம்?" என்று அன்பாகத்தான் கேட்டார். ஸ்பீக்கரில் கேட்டது பக்கத்தில் இருந்த அம்மாவின் காதிலும் விழுந்தது. அம்மாவுக்குத் தெரிந்த ஒன்றிரண்டு ஆங்கிலச் சொற்களில் ஹோம் என்பதும் ஒன்று.

"ஹோம்னா வீடுதானே? நீ வீட்லதானே இருக்க, பெறகு எங்க வரச் சொல்றாக?"

அவர் ஹோம் என்றது எங்கள் கேர் ஹோமை என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? போனில் "சண்டே" என்றேன். அம்மா பதிலுக்குக் காத்திருக்காமல் எனக்குச் சோறு போட எழுந்து போனாள். பாதி அடுக்கிய பெட்டிக்கும் அடுப்படிக்கும் நடுவே, போனைக் கையில் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.