வள்ளியக்காவின் கோழி ரசம்

வள்ளியக்கா கோழி அறுப்பதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறு தடவை அவளிடம் பேரம் பேசமாட்டார்கள். வேங்கிக்கால் ஏரிக்குப் போகிற வழியில் இருக்கும் அவளுடைய கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எழுபது எண்பது கோழி போகும். எல்லாம் அவள் கைதான். இறக்கையைப் பின்னுக்கு மடித்துப் பிடிப்பாள், கழுத்தில் ஒரே இழுப்பு, ட்ரம்முக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். உள்ளே ஒன்று அடித்துக்கொண்டு அடங்குவதற்குள் இன்னொன்று விழுந்திருக்கும்.

அவள் கை கோழியோடு நின்றதில்லை. எடையில் ஏமாற்றுகிறாய் என்று சொன்ன ஒருவனைச் சட்டையைப் பிடித்து ரோட்டில் தள்ளி மிதித்திருக்கிறாள். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் இடுப்பில் கை வைத்த ஒருவனின் விரலைப் பின்பக்கமாக வளைத்து, அவன் உட்கார்ந்து அழுகிறவரை விடவில்லை. புருஷன் பிரகாஷை நாலு பேர் பார்க்க அறைந்ததும் உண்டு. சின்ன வயதில் அவளுடைய அப்பா குடித்துவிட்டு வந்து சைக்கிள் ட்யூபால் அடிப்பாராம். பதின்மூன்று வயதில் ஒருநாள் அந்த ட்யூபைப் பிடுங்கி அவரைத் திருப்பி அடித்தாள். அதன் பிறகு அவர் அவளைத் தொடவில்லை.

"அடி வாங்காம இருக்கணும்னா மொதல்ல நாம அடிச்சிடணும் வினோ" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

என் பெயர் வினோதினி. வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது ஒரு நோய் மட்டும்தான். சீலியாக் என்று பெயர். கோதுமை, மைதா, ரவை, பார்லி இவற்றில் இருக்கிற க்ளூட்டன் உள்ளே போனால் எங்கள் உடம்பு தன் குடலையே எதிரியாக நினைத்துத் தாக்கும். அதற்கு மாத்திரை இல்லை. சாகிறவரை அவற்றை வாயில் வைக்காமல் இருப்பதுதான் வைத்தியம். வள்ளியக்காவுக்கு இது தெரிவதற்குள் பத்து வருஷம் போய்விட்டது. வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், ஆறு பாயிண்டுக்கு இறங்கிய ரத்தம், கலைந்துபோன இரண்டு கரு. கடைசியில் வேலூரில் ஒரு டாக்டர் குடலில் துளி சதை எடுத்துப் பரிசோதித்துச் சொன்னார். பிரகாஷ் நம்பவில்லை. சோறு தின்கிற ஊரில் கோதுமையால் ஒருத்திக்கு நோவு வருமா என்று சிரித்தாராம்.

எங்களைப் போன்றவர்களுக்குக் காலையும் மதியமும் கஷ்டமில்லை. இட்லி இருக்கிறது, சோறு இருக்கிறது. ராத்திரிதான் வம்பு. வீட்டில் எல்லோரும் சப்பாத்தி, ரவா உப்புமா, சேமியா என்று உட்காருவார்கள். கடைக்குப் போனால் பரோட்டா. அதனால்தான் நான் ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தேன். ராத்திரிக்கு என்ன செய்தோம் என்று மட்டும் அதில் போடவேண்டும். ஆரணி, செங்கம், போளூர், விழுப்புரம் என்று இருபத்தாறு பேர் சேர்ந்தோம்.

வள்ளியக்கா மூன்றாவதோடு படிப்பை விட்டவள். டைப் செய்யமாட்டாள், எழுத்துக்கூட்டிப் படிப்பதும் சிரமம். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுடைய குரல் வரும், பின்னால் கோழிகள் கத்தும். திட்டுகிற மாதிரியே சொல்லுவாள். பச்சரிசி மாவைக் கொதிக்கிற தண்ணியில் பிசைந்து வாழை இலையில் தட்டினால் ரொட்டி கிழியாது என்பாள். கேழ்வரகு அடைக்கு முருங்கைக்கீரையை ஜாஸ்தி போடு, வெங்காயத்தைக் கம்மி பண்ணு என்பாள். சாமைக் கஞ்சியும் கருவாட்டுத் தொக்கும், கம்பு தோசையும் ஈரல் வறுவலும் என்று அவள் சொன்னதை இருபத்தைந்து வீட்டில் சமைத்தோம். அதுவரைக்கும் யாரும் அவளிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை போலிருக்கிறது. ஒருநாள் நன்றி அக்கா என்று வரிசையாக வந்ததை என்னைப் படித்துக்காட்டச் சொல்லி இரண்டு தரம் கேட்டாள்.

அவள் சொன்னதிலேயே பெயர் எடுத்தது கோழி ரசம்தான். கழுத்து எலும்பையும் காலையும் இடித்துப் போட்டு, மிளகு, சீரகம், பூண்டு தட்டி, பெருங்காயத்தில் கஞ்சத்தனம் பண்ணாமல் ஒரு ஸ்பூன். வயிற்றுக்கு இதமாக இருக்கிறது என்று தினமும் அதையே குடித்தாள். நானும் வைத்தேன். இதயப் பொம்மை போட்டுப் பாராட்டினேன்.

இரண்டு மாதத்தில் அவளுக்குப் பழைய நோவு திரும்பியது. தின்றது தங்கவில்லை. ஒன்பது கிலோ இறங்கிவிட்டாள். குழுவில் மூன்று பேர் வயிறு சரியில்லை என்றபோது நான் மழைக்காலத் தண்ணீரைக் குறை சொன்னேன்.

வள்ளியக்கா தண்ணீரைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு ஆள் இருந்தது.

பிரகாஷின் தம்பி விமல்ராஜும் அவன் மனைவி தேவிப்ரியாவும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அடுப்படி ஒன்று. விமல்ராஜுக்குச் சர்க்கரை இருந்ததால் ராத்திரியில் சப்பாத்திதான். தேவிப்ரியா தினமும் கோதுமை மாவு பிசைவாள். உனக்கு நோவு வயிற்றில் இல்லை, மனசில்தான் என்று ஓரகத்தியிடம் ஒருமுறை விளையாட்டாகச் சொல்லியும் இருந்தாள். அந்தச் சொல் வள்ளியக்காவுக்குள் கிடந்தது. உப்பு ஜாடி மூடியில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்ததைப் பார்த்த நாளிலிருந்து, இவள் வேண்டுமென்றே கலக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

இனி சொல்லப்போவது அவளே என்னிடம் சொன்னது. எதையும் ஒளிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கடையில் ஆட்கள் நிற்கும்போதே அவளுக்குப் புடவையிலேயே போய்விட்டது. கத்தியைப் போட்டுவிட்டு, எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்க, வீடுவரைக்கும் நடந்தாள். குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்தால் தேவிப்ரியா மாவு உருட்டிக்கொண்டிருக்கிறாள். வள்ளியக்கா தனக்கென்று சிவப்புக் கயிறு கட்டித் தனியே வைத்திருந்த கரண்டி, குருமாச் சட்டியில் கிடக்கிறது.

"இத யாரு எடுத்தது?"

"அவசரத்துல எடுத்துட்டேன்க்கா. கழுவி வெச்சிடறேன்."

பூரிக்கட்டை பக்கத்திலேயே இருந்தது. முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது. கோழிக் காலை ஒடிக்கும்போது வருகிற அதே சத்தம் வந்தது என்றாள். இரண்டாவது அடி நெற்றியில். கீழே விழுந்தவளின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, பிசைந்த மாவைப் பிடி பிடியாக எடுத்து வாயில் திணித்தாள்.

"தின்னுடி. என்ன கொல்றதுக்கு வெச்சத நீயே தின்னு."

மாவு தொண்டையை அடைத்தது. தேவிப்ரியாவுக்குக் கண் செருகியது. அவளுடைய ஐந்து வயது மகள் இனியா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. விமல்ராஜ் ஓடிவந்து வள்ளியக்காவின் முடியைப் பிடித்து இழுத்து வயிற்றில் உதைத்தான், உதைத்துக்கொண்டே இருந்தான். தடுக்க வந்த அண்ணனுக்கும் உதடு கிழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பிரித்தபோது தரையில் மாவும் ரத்தமும் ஒன்றாக மிதிபட்டுக் கிடந்தன.

தேவிப்ரியாவுக்கு மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. நெற்றியில் ஏழு தையல். ஆஸ்பத்திரியிலிருந்தே புகார் கொடுத்தாள். பிறகு மகளோடும் புருஷனோடும் அடி அண்ணாமலையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வள்ளியக்கா ஜாமீனில் வந்து, மாவு டப்பா, பலகை, பூரிக்கட்டை எல்லாவற்றையும் தெருவில் போட்டுக் கொளுத்தினாள். அடுப்படியைச் சுடுதண்ணீர் ஊற்றி மூன்று முறை தேய்த்தாள். இனி வீட்டில் கோதுமையும் இல்லை, கலக்குகிறவளும் இல்லை. அன்று ராத்திரி நிம்மதியாக ரசம் வைத்துக் குடித்தாள்.

விடிவதற்குள் நாலு தடவை வாந்தி எடுத்தாள். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் அப்படியே.

எட்டாம் நாள் குழுவில் அவள் குரல் வந்தது. வீட்டில் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இதில் எது என்னைத் தின்கிறது, படித்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டாள். நான் பஸ்ஸில் அதைக் கேட்டேன். பெருங்காயத்தூள் என்று அவள் சொன்ன இடத்தில் நிறுத்தி, மறுபடியும் கேட்டேன். இறங்கிப் போன் செய்தேன்.

"வள்ளிக்கா, பெருங்காயம் எங்க வாங்கனீங்க?"

"பஜார்ல, சில்லறையா. ஏன்?"

சொன்னேன். பெருங்காயம் தனியாக வராது, காரம் அடக்க மாவு கலப்பார்கள், நிறையப் பேர் கலப்பது கோதுமை மாவு அல்லது மைதா. நான் வாங்குவது அரிசி மாவு கலந்தது. அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத் தோன்றவும் இல்லை. குழு ஆரம்பித்தபோதே சாஸ், ஓட்ஸ், பெருங்காயம் என்று எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றை டைப் செய்து போட்டிருந்தேன். எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். அவளும் போட்டிருந்தாள். அவளால் அதைப் படிக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

கேட்டுவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

நேராகப் பஜாருக்குப் போனாளாம். கடைக்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, பெருங்காயத்தில் என்ன கலக்கிறாய் என்று கேட்டாளாம். அவர் பயந்துபோய், மைதாதான்மா, எல்லாரும் அதத்தான் போடறாங்க, நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே என்றாராம். கையை எடுத்துவிட்டாள். அடிப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

அன்று ஆறு மணிக்குக் குழுவில் அவள் குரல் வந்தது. பின்னால் கோழிச் சத்தம் இல்லை.

"என் ரசத்த இனிமே யாரும் வெக்காதீங்க. வெச்சி யாருக்காச்சும் ஒடம்பு கெட்டிருந்தா நான்தான் காரணம். இதுக்காவ என் ஓரகத்தி கைய ஒடிச்சிட்டேன். அவ ஒண்ணும் பண்ணல."

இரண்டு பேர் குழுவை விட்டு வெளியே போனார்கள். ஆரணியிலிருந்து எழுதுகிற சரசு மட்டும் பதில் போட்டாள். அவள் புருஷன் கைநீட்டுகிறவர். அந்தப் பதிலை நான் வள்ளியக்காவுக்குப் படித்துக்காட்டவேண்டி வந்தது. என் வீட்டுக்காரரும் அடித்துவிட்டு அப்புறம் காரணம் தப்பு என்று சொல்வார், காரணம் சரியாக இருந்தால் அடித்தது சரியா அக்கா என்று எழுதியிருந்தாள். வள்ளியக்கா அதை இன்னொரு தடவை படிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் அவளோடு நானும் அடி அண்ணாமலைக்குப் போனேன். கிரிவலப் பாதையில் தேவிப்ரியாவின் அம்மா வைத்திருக்கும் பூக்கடையில் அவள் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். வள்ளியக்கா தூரத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். தேவிப்ரியா கடைசிவரைக்கும் கேட்டாள்.

"கை ஒடிஞ்சதுகூட போவுதுக்கா. வாயில மாவு அடச்சிருக்கறப்ப, நான் செத்தா இனியா பாத்துக்கினே நிக்கறாளேன்னு நெனச்சேன். கேச வாபஸ் வாங்கமாட்டேன்."

"வாங்காத" என்றாள் வள்ளியக்கா.

ஒன்றேகால் வருஷம் கழித்துக் கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. கைகலப்பில் தேவிப்ரியா தவறி விழுந்ததாகச் சொல்லிவிடலாம் என்று வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். கூண்டில் ஏறி, நான்தான் அடித்தேன் என்று சொல்லிவிட்டாள். மூன்று மாதம் கிடைத்தது. டாக்டர் சீட்டை நான் அனுப்பியதால் சிறையில் அவளுக்கு உப்புமா, சப்பாத்திக்குப் பதில் சோறு கொடுத்தார்கள். இவளுக்கு மட்டும் என்ன தனிச் சாப்பாடு என்று ஒருத்தி அவள் தட்டில் துப்பினாளாம். துண்டால் இரண்டு கையையும் சுற்றிக்கொண்டு, அவள் போகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன் என்றாள்.

அவள் கை முழுக்க அடங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். போன மாதம் கடையில் ஒரு குடிகாரன் கெட்ட வார்த்தை பேசியதற்குக் கல்லை எடுத்து வீசியிருக்கிறாள். கல் படவில்லை. குறி தப்பியதா, தப்பவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. குழுவில் இப்போது பட்டியல்கள் எல்லாவற்றையும் நான் குரலில்தான் போடுகிறேன்.

விமல்ராஜும் தேவிப்ரியாவும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். நடுவில் சுவர் எழுப்பி, அடுப்படியை இரண்டாக்கிவிட்டார்கள். தேவிப்ரியாவின் மணிக்கட்டு முழுசாகத் திரும்புவதில்லை. சப்பாத்தியை விமல்ராஜே தேய்த்துக்கொள்கிறான்.

போன வாரம் ஒருநாள் தெருக்குழாயில் தேவிப்ரியா குடத்தைத் தூக்க முடியாமல் நின்றிருக்கிறாள். வள்ளியக்கா உதவிக்குக் கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனாள். தேவிப்ரியா சட்டென்று தலையைக் குனிந்து, ஒடிந்த அந்தக் கையாலேயே முகத்தை மறைத்துக்கொண்டாள். குடம் சாய்ந்து தண்ணீர் ரோட்டில் ஓடியது.

வள்ளியக்கா நாலடி பின்னால் போய் நின்றாள். தேவிப்ரியா குடத்தை நிமிர்த்தி, மறுபடியும் நிரப்பி, பாதியளவு தண்ணீரோடு இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறவரைக்கும் அங்கேயே நின்றாள்.