டியூப்லைட்டு அக்கா

குப்பைப் பையைத் தூக்கியதும் அக்கா அதை லாரியில் வீசுவதில்லை. காதருகே கொண்டுபோய் இரண்டு முறை மெல்லக் குலுக்குவார். கண்ணாடிச் சத்தம் கேட்டால் தீர்ந்தது. பை வந்த வழியே திரும்பிப்போய் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடும். அழைப்புமணியையும் ஓர் அழுத்து அழுத்துவார்.

“உள்ள சிஎஃப்எல் பல்பு கெடக்கு. தனியா அட்டைப் பெட்டில வெச்சுக் குடுங்க, பழைய பல்பு வாங்கற மையத்துல நானே சேத்துடறேன். குப்பையோட குடுத்தா வாங்க மாட்டேன்.”

யார் வீட்டிலாவது பல்பு உடைந்துபோனால் வாசலில் நின்றே அதட்டுவார். “தொடப்பத்தத் தொடாதீங்க! ஜன்னலைத் தெறந்துட்டு எல்லாரும் வெளிய வாங்க. கால்மணி நேரம் கழிச்சு கெட்டி அட்டையால வாரி, மூடி போட்ட பாட்டில்ல போடுங்க.”

மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிக்கும் தெரு அவருக்கு அரைமணி ஆகும். கூட வேலை செய்கிறவர்கள் ‘டியூப்லைட்டு’ என்று பெயர் வைத்தது அதனால்தான். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. “ஆமா, டியூப்லைட்டுதான். லேட்டாத்தான் எரியும். ஒடச்சுப் பாரு, அப்பத் தெரியும்!”

மூன்று வருடங்களுக்கு முன்பு அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு கட்டு பழைய குழல்விளக்குகளைத் தன் கையாலேயே லாரிக்குள் எறிந்தார். குப்பையை அமுக்கும் இரும்புத் தகடு இறங்கியதும் அத்தனையும் படபடவென வெடித்தன. அதே லாரியில் வேலை பார்த்த தங்கை பக்கத்தில் நின்றாள்; அவளுக்கு முகமெல்லாம் வெள்ளைப் பொடி, இமைக்குக் கீழே ஒரு சில்லு. உள்ளே பாதரசம் இருக்கிறது என்பதை ஆஸ்பத்திரியில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். கண் தப்பியது. தங்கை அதன்பிறகு வேலைக்கு வரவில்லை. “போட்டது நான்தானே” என்பார் அக்கா. அந்தப் பேச்சு அதற்குமேல் நீளாது.

போன வாரம் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் நடைவழி விளக்குகளையெல்லாம் மாற்றியிருந்தார்கள். பழைய பன்னிரண்டு குழல்களும் பெரிய தொட்டியில் தலைநீட்டிக்கொண்டிருந்தன. திணித்ததில் இரண்டு உடைந்தே போயிருந்தன. அக்கா தொட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் வேகமாக இறங்கி வந்தார்.

“குப்பைன்னா எல்லாம் குப்பைதாம்மா. போட்டு அமுக்கச் சொல்லு.”

“முடியாது சார்.”

செயலாளர் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தார். “ஏத்தலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராத!” என்றது போன்.

வீட்டில் இப்போது அக்கா ஒருவரின் சம்பளம்தான். ஆனாலும் குரல் இறங்கவில்லை. “சரிங்க, நாளைக்கு வரல. இன்னைக்கு இங்க நான்தான் இருக்கேன்.”

சொல்லிவிட்டு லாரியின் பின்வாயில் ஏறி, தகடு இறங்குகிற இடத்திலேயே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். “இப்ப அமுக்கச் சொல்லுங்க.”

ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். லாரி குடியிருப்பின் வாயிலை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஆபீசுக்குக் கிளம்பிய கார்கள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. “சார், அந்தம்மா சொல்றதைச் செஞ்சுத் தொலைங்களேன்! எனக்கு மீட்டிங் இருக்கு” என்று ஒரு காரிலிருந்து குரல் வந்தது.

செயலாளரின் முகம் சிவந்தது. “இப்ப என்னதான் பண்ணணுங்கற?”

“புது லைட்டு வந்த அட்டைப்பெட்டி மேல இருக்கும்ல? அதுல அடுக்கணும். ஒடஞ்சது மட்டும் தனியா, மூடி போட்டு. நீங்கதான் அடுக்கணும்.”

ஒருவரும் உதவிக்கு வரவில்லை. செயலாளரே மாடியேறிப் போய், பெட்டிகளையும் மூடியுள்ள வாளி ஒன்றையும் கொண்டுவந்து தொட்டியருகே குந்தினார். முழுசாக இருந்த பத்தும் பெட்டிக்குள் போயின. உடைந்த துண்டை எடுக்க வெறுங்கையை நீட்டினார்.

“நில்லுங்க!”

அக்கா லாரியிலிருந்து குதித்து இறங்கினார். தன் இரண்டு கையுறைகளையும் உருவி, செயலாளரிடம் நீட்டினார்.