பிள்ளைக் காம்பராவில் போட்ட புகை

என் வீட்டுக்காரர் ரதி வேஷம் கட்டினால் எனக்கே கொஞ்சம் பொறாமை வரும். என் கல்யாணப் புடவையை உடுத்திக்கொண்டு என்னைவிட நன்றாக நடப்பார். இலங்கையில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் மன்மதனாக யார் வேண்டுமானாலும் ஆடலாம், ரதி அவர்தான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்ததும் ரதி புலம்புவாள். அதை அவர் பாடினால் கல்நெஞ்சுக் கங்காணிகூட மூக்கைச் சிந்துவார்.

கப்பலேறி இக்கரைக்கு வந்து, சேரம்பாடிப் பக்கம் மலைத்தோட்டத்தில் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் குடியேறிய முதல் வருஷமே குளிர் அவர் நெஞ்சில் ஏறிக்கொண்டது. இழுப்பு. ஆனாலும் மாசி பிறந்ததும் கூத்துப் போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அக்கரையில் விட்டு வந்த தன் அம்மாவைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை; அடுப்படியில் உட்கார்ந்து அந்தப் புலம்பலை மட்டும் ஓயாமல் பாடிப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. அதனால் தடுக்கவில்லை.

அங்கே திறந்த பொட்டலில் ஆடுவோம். நெற்றிக்கண் திறக்கும்போது பந்தத்தில் குங்கிலியத் தூளை வீசினால் குப்பென்று புகை கிளம்பும், காற்றோடு போய்விடும். இங்கே அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மேனேஜர் இரக்கப்பட்டு, கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்ளும் அறையைத் திறந்துவிட்டார். பிள்ளைக் காம்பரா என்போம். குளிருக்குப் பயந்து ஜன்னல்களை நாங்களே இழுத்துச் சாத்தினோம். குங்கிலியம் போதவில்லை என்று, தேயிலைக்குத் தூவும் கந்தகத் தூளைச் சேர்த்து இவர் ஒரு கலவை செய்திருந்தார். நெருப்பு நீலமாக எரியுமாம், சிவனுக்குப் பொருத்தமாம். முதல் நாள் வாசலில் ஒரு சிட்டிகை போட்டுக் காட்டியபோது லயமே மெச்சியது. வாசல் வேறு, அடைத்த அறை வேறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிவன் வேஷக்காரர் ஒரு கை அள்ளிக் கரிச்சட்டியில் போட்டார். நீலம் தெரிந்தது. அப்புறம் எதுவும் தெரியவில்லை. கண் எரிந்தது, தொண்டை கமறியது. எரிந்து சாம்பலாக வேண்டிய மன்மதன்தான் முதலில் வெளியே ஓடினான். நாங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினோம்.

ரதி வரவில்லை. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். பாட வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். மூச்சு உள்ளே போகவில்லை. இழுத்து வந்து இஸ்தோப்பில், அதாவது வெளித் தாழ்வாரத்தில், உட்காரவைத்தேன். உதடு கறுத்திருந்தது. மனிதர் என்னவென்றால், மழையில் நிற்கும் சனத்தைக் காட்டுகிறார், தன் தொண்டையைக் காட்டுகிறார். இந்த மண்ணில் போட்ட முதல் கூத்து பாதியில் நின்றால் ஆகாதாம். என் கையைப் பிடித்து உலுக்கினார். நான் பாட வேண்டும்.

எங்கள் கூத்தில் பெண்கள் பாடுவதில்லை. ஆனால் அடுப்படியில் கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம். அவர் முதுகைத் தடவிக்கொண்டே தொடங்கினேன். வேஷத்துக்காக அழவில்லை, இவர் போய்விடுவார் என்று நினைத்துத்தான் அழுதேன். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் ஓர் அடியை மாற்றிப் பாடிவிட்டேன் போல. மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவர் விரலை ஆட்டித் தப்பு என்றார்.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஓடி வந்து ஊசி போட்ட பிறகுதான் இழுப்பு அடங்கியது. கோயம்புத்தூர்க்காரர், அதிர்ந்து பேசாதவர். அன்று கோபப்பட்டார்.

"ஏனுங்க, கந்தகப் புகை நெஞ்சு ஈரத்துல பட்டா ஆசிட் மாதிரிங்க. அதைக் கதவைச் சாத்திட்டுப் போடுவாங்களா?"

இவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உசுரோட இருக்கும்போதே எனக்கு ஒப்பாரி வச்சிட்டியே, புள்ள."

மறு வருஷம் பொட்டலில்தான் ஆடினோம், வெறும் குங்கிலியத்தோடு. தூள் டப்பா என் மடியில் இருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நான் தலையசைத்தால்தான் சிவன் கண்ணைத் திறக்கலாம். அப்படிப் பல மாசி போயிற்று.

அவர் நிஜமாகவே போன அன்று எல்லோரும் என்னைப் பாடச் சொன்னார்கள். வாயைத் திறந்தேன். ஓர் அடிகூட வரவில்லை. தப்பாகப் பாடினால் விரலை ஆட்ட ஆள் இல்லையே.