சைனாடவுனில் நான் கும்பிட்ட எழுத்தாளர்

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் சிட்னிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. நாலு வயது மகள் மூளைக்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார். கணவர் லிட்கமில் ஃபாக்டரி வேலையில் நின்றார். "ஒண்டுமில்லை, சுகமாகிடும்" என்பதைத் தவிர அந்த மனுசன் வாயில் வேறு பேச்சே கிடையாது. எனக்கோ ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டுக்குத் தனியாகப் போக மனமில்லை. ஓடிப்போய்க் கும்பிட எங்களுக்கென்று ஒரு கோயிலும் இல்லாத காலம் அது. கால் போன போக்கில் நடந்தேன்.

சைனாடவுனில் ஒரு கடையின் மாடியிலிருந்து ஊதுபத்தி வாசம் வந்தது. அவ்வளவுதான், சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டேன். தாடி வைத்த ஒருவரின் சிலை, முன்னால் தோடம்பழமும் தேநீரும். வேறென்ன வேண்டும்? கைப்பையில் மடித்து வைத்திருந்த குங்குமத்தை அவர் நெற்றியில் வைத்து, "என்ர பிள்ளையைக் காப்பாத்து அப்பனே" என்று வாய்விட்டு அழுதேன்.

பின்னால் ஒரு சீனப் பெண் நின்றார். என் வயதுதான் இருக்கும். இவர் சாமி இல்லை, அந்தக் காலத்து நாவலாசிரியர், இது எங்கள் சங்கம் அவருக்காக வைத்திருக்கும் நினைவு அருங்காட்சியகம், இன்று அவர் இறந்த நாள் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் கண்ணாடிப் பெட்டிகளில் தூரிகைகளும் பழைய புத்தகங்களும் இருப்பதே கண்ணில் பட்டது. ஐயோ, வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசிவிட்டது! சேலைத் தலைப்பால் குங்குமத்தைத் துடைக்கப் போனேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துத் தடுத்து, யாருக்குச் சுகமில்லை என்று கேட்டார். சொன்னேன்.

"இவருடைய மகனும் நோயில்தான் போனான். அந்தத் துக்கத்தில் இவரும் நாவலை முடிக்காமலே போய்விட்டார். இவரால் உங்களுக்கு எதுவும் தர முடியாது. ஆனால் சொல்லுங்கள், இவருக்கு விளங்கும்" என்றார்.

என்னைத் தனியே விட்டு அவர் கீழே இறங்கிப் போனார். பிள்ளை செத்துவிடுவாளோ என்ற பயத்தை அன்றுதான் முதல்முறையாக வாயால் சொன்னேன்.

வீட்டில் கணவர், "கதை எழுதினவரையோ கும்பிட்டுப் போட்டு வந்தனீர்? விசரே உமக்கு?" என்று சிரித்தார். மறுநாள் காலை என் முகத்தைப் பார்க்காமலே, "அந்த இடத்தை எனக்கும் ஒருக்காக் காட்டும்" என்றார். கூட்டிப் போனேன். சிலைக்கு முன்னால் நின்றதும் குலுங்கிக் குலுங்கி அழுதார். அதுவரை அவருக்குப் பயமே இல்லை என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

மகளைப் பிழைக்க வைத்தது டாக்டர்கள்தான். ஆனால் அந்த நாட்களில் எங்கள் இரண்டு பேரையும் தாங்கிப் பிடித்தது, தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போன ஒரு தகப்பன் என்றே இன்றும் நினைக்கிறேன்.